முதல் முடிச்சு என்ன சொல்கிறது?

மருத்துவக் கல்லூரிகளில் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று ஒன்று நடக்கும். யாராவது ஒருவர் நினைவாக ஒரு தொகையை வைப்பில் போட்டு, அந்த வட்டியில் ஆண்டுக்கு ஒரு மூத்த மருத்துவரை வரவழைத்துப் பேசச் சொல்வார்கள். மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் பேர் வாங்கிய ஒருவர் அந்த மேடையில் ஏறினால், புதுக் கருவி, ரோபோ எல்லாம் அப்புறம் இருக்கட்டும், அக்குளில் இருக்கும் அந்த ஒற்றை நிணநீர் முடிச்சைப் பற்றிச் சொல்லுங்கள் என்றுதான் நான் கேட்பேன்.

முதலில் நிணநீர். ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீர் திசுக்களுக்கு நடுவில் தேங்கிவிடாமல், மெல்லிய குழாய்கள் அதை அள்ளிக்கொண்டு போய்த் திரும்ப ரத்தத்தில் சேர்க்கின்றன. போகிற வழியெல்லாம் அவரை விதை போல முடிச்சுகள். தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறதே, அது இந்த முடிச்சு வீங்குவதுதான். மார்பகத்து நிணநீரில் பெரும்பகுதி அக்குளுக்குப் போகிறது. கட்டியிலிருந்து கழன்ற புற்றணுக்களும் அந்த நீரோடு சேர்ந்து அங்கே போகலாம்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட், நோய் நடுவிலிருந்து வெளியே படிப்படியாகப் பரவுகிறது, ஆகவே அகலமாக வெட்டினால் அதை முந்திவிடலாம் என்று நம்பினார். 1894-இல் அவர் வெளியிட்ட முறையில் மார்பகம், அதன் அடியில் இருக்கும் மார்புத் தசைகள், அக்குள் முடிச்சுகள் எல்லாம் ஒரே துண்டாக வெளியே வந்துவிடும். ஏறக்குறைய 80 ஆண்டுகள் உலகமே இதைத்தான் செய்தது. பிறகு பிட்ஸ்பர்க்கில் பெர்னார்ட் ஃபிஷரும் மிலானில் உம்பெர்ட்டோ வெரோனேசியும், பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு மூன்று பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் திசுவையும் மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், மார்பகம் முழுவதையும் இழந்தவர்களும் 20 ஆண்டுக்குப் பிறகும் ஒரே அளவில்தான் உயிரோடு இருந்தார்கள். இத்தனை பெண்கள் தேவையில்லாமல் இழந்திருக்கிறார்கள் என்பதை இப்போது படித்தாலும் மனது கனக்கிறது.

சரி, மார்பகம் தப்பியது. அக்குள் தப்பவில்லை. அங்கே ஏறக்குறைய 20, 30 முடிச்சுகள் இருக்கும். நோய் பரவியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே அவற்றை வழித்தெடுத்தார்கள். எடுத்துப் பார்த்தால் ஆரம்ப நிலையில் வந்த பலருக்கு ஒன்றில்கூட நோய் இருக்காது. வடிகால் போய்விட்டதால் நீர் தேங்கிக் கை வீங்குவது மட்டும் மிஞ்சும். ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது, வந்தால் லேசில் போகாது.

இங்கேதான் அந்த யோசனை வந்தது. நீர் எல்லா முடிச்சுக்கும் ஒரே நேரத்தில் போவதில்லை, முதலில் ஒன்றிரண்டில்தான் விழுகிறது. அந்த முதல் முடிச்சில் புற்றணு இல்லையென்றால் அதற்கு அப்பாலும் அநேகமாக இல்லை. அதனால் அதற்குக் காவல் முடிச்சு என்று பெயர். 1977-இல் ராமோன் கபானாஸ் ஆண்குறிப் புற்றுநோயில் இதை எழுதினார். 1992-இல் டொனால்ட் மார்ட்டன் தோலில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய்க்கு நீலச் சாயத்தை வைத்து அந்த முடிச்சைத் தேடினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் டேவிட் கிராக் கதிரியக்கத்தாலும் ஆர்மாண்டோ ஜூலியானோ சாயத்தாலும் மார்பகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அறுவை அரங்கில் நடப்பதைப் பாருங்கள். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஒட்டவைத்த நுண்துகள்களை முன்கூட்டியே மார்பகத்தில் ஊசியால் ஏற்றியிருப்பார்கள். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகக் குறைந்துவிடும், அதனால் பயப்பட வேண்டாம். துகளின் அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது: ரொம்பப் பெரிதாக இருந்தால் ஊசி போட்ட இடத்தை விட்டு நகராது, ரொம்பச் சிறிதாக இருந்தால் முதல் முடிச்சைத் தாண்டி ஓடிவிடும். மயக்கம் கொடுத்த பிறகு நீலச் சாயம் ஏற்றிச் சில நிமிடம் அந்த இடத்தை நீவிவிடுவார்கள். கதிர்வீச்சைக் கண்டறியும் பேனா போன்ற ஒரு கருவியை அக்குளின் மேல் நகர்த்தினால், முடிச்சு இருக்கும் இடத்தில் அதன் சத்தம் எகிறும். அங்கே சின்னதாகக் கீறிப் பார்த்தால், மஞ்சள் கொழுப்புக்கு நடுவில் நூல் போல ஒரு நீலக் கோடு ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் நீலம் ஏறிய முடிச்சு. அதை எடுத்த பிறகு மறுபடியும் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். எடுத்ததில் மிக அதிகம் காட்டிய முடிச்சின் கதிர்வீச்சு அளவில் 10 விழுக்காட்டைத் தாண்டி வேறெதுவும் காட்டினால் அதையும் எடுக்க வேண்டும். (அந்தச் சாயம் ரத்தத்தில் கலந்ததும் விரலில் மாட்டிய ஆக்சிஜன் மானி அளவைக் குறைத்துக் காட்டும். ஆக்சிஜன் நிஜமாகக் குறைந்திருக்காது, கருவியைத்தான் நிறம் ஏமாற்றுகிறது. மறுநாள் சிறுநீரும் நீலப் பச்சையாகப் போகும், முன்பே சொல்லிவைக்காவிட்டால் நோயாளி பதறிவிடுவார்.)

காவல் முடிச்சு பொய் சொல்லாதா? சொல்லும். 5,611 பெண்களை வைத்து நடந்த பி-32 என்ற ஆய்வில், அக்குளில் நோய் இருந்தவர்களில் பத்தில் ஒருவருக்குக் காவல் முடிச்சு சுத்தமாகவே தெரிந்தது. ஆனால் சுத்தம் என்று நம்பி மீதியை விட்டுவைத்தவர்களில் 100-க்கு ஒருவருக்குக்கூட அக்குளில் நோய் திரும்பவில்லை, ஆயுளிலும் வித்தியாசம் இல்லை. எனக்கு இதைவிட ஆச்சரியம் 2011-இல் வந்த இசட்-0011 முடிவு: ஒன்றிரண்டு காவல் முடிச்சில் புற்றணு இருந்தும்கூட, கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தவர்களுக்கு, அக்குளில் மற்றதைத் தொடாமல் விட்டதால் ஒரு நஷ்டமும் வரவில்லை. விட்டுவைத்த அணுக்களைக் கதிர்வீச்சும் மருந்தும் கவனித்துக்கொள்கின்றன போலும்.

2023-இல் சவுண்ட் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. கட்டி 2 செ.மீ.க்குள் இருந்து, அக்குள் ஸ்கேனில் சந்தேகம் எதுவும் இல்லாதவர்களில் பாதிப் பேருக்குக் காவல் முடிச்சைக்கூட எடுக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்தும் இரண்டு பிரிவும் ஒன்றுபோலவே இருந்தன. தொட்டாலே முடிச்சு தட்டுப்படும் நிலையில் வருபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே முதலில் ஊசி வைத்து அந்த முடிச்சைச் சோதிப்பார்கள், பல நேரம் மருந்தால் நோயைச் சுருக்கிவிட்டு அப்புறம்தான் அக்குளில் கத்தி வைப்பார்கள்.