நான் பாய்ந்த மாதிரிப் பிள்ளையும் பாய வேண்டுமா?

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பாடசாலை மைதானம், பின்னேரப் பயிற்சி. தரம் 8இல் படிக்கும் ஒருவன் முப்பாய்ச்சல் பாய்ந்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் வலது முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்தினான். "என்ன தம்பி?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை சேர்." முழங்கால் சில்லுக்குக் கீழே சின்ன மேடு ஒன்று புடைத்திருந்தது. விரல் பட்டதும் காலை இழுத்துக்கொண்டான்.

அந்த மேடு என் இடது காலிலும் இருக்கிறது. பாடசாலைக் காலத்தில் நானும் முப்பாய்ச்சல்காரன்தான். எனக்குப் பயிற்சி தந்தவர் தன் காலத்தில் பெயர் போன வீரர். "நோகத்தான் செய்யும், பாய்" என்பார். கெட்ட மனிதர் அல்ல. தனக்குச் சொன்னதைத்தான் எனக்கும் சொன்னார். அகில இலங்கைப் போட்டி வந்தபோது என்னால் மாடிப்படி இறங்கவே முடியவில்லை. அந்த வருடம் முழுக்கப் பார்வையாளர் வரிசையில்தான் இருந்தேன்.

இதற்கு ஒஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர். பிள்ளை வேகமாக உயரும் வயதில் எலும்பு முந்திக்கொள்கிறது, தொடைத் தசை பின்தங்கி இறுகுகிறது. அந்தத் தசையின் இழுவை முழுவதும் சில்லு வழியாகக் கீழ்க்கால் எலும்பின் முனையில் போய் விழுகிறது. அந்த இடம் இன்னும் முற்றாத வளர்ச்சிப் பகுதி. பாய்தல், வேக ஓட்டம், திடீரென நிற்றல் எல்லாம் அதையே திரும்பத் திரும்ப இழுக்கும். பெண் பிள்ளைகளுக்கு இது ஓரிரு வருடம் முந்தியே வரும். பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது வலி அடங்கிவிடும், மேடு மட்டும் தங்கலாம். பாய்ச்சல் எண்ணிக்கையைக் குறைத்தால், வலி கூடினால் கொஞ்சக் காலம் நிறுத்திவைத்தால் போதும், விளையாட்டையே விட வேண்டியதில்லை. ஆனால் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம், கால் ஊன்ற முடியாமை என்றால் தைலம் பூசிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

இவற்றை நான் மைதானத்தில் கற்கவில்லை. பயிற்றுநர் வகுப்பில்தான் கற்றேன். பதக்கம் வாங்கியவரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை ஒப்படைப்பது எங்களிடம் வழக்கமாகிவிட்டது. அவருக்குத் தன் உடம்பு தெரியும். பதின்மூன்று வயது உடம்பைத் தனியாகப் படிக்க வேண்டும். கொழும்பிலேயே தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகம் இருக்கிறது. பழைய வீரர்கள் விசில் வாங்க முதல் அந்தப் படியை ஏறிவிட்டு வர வேண்டும் என்று கேட்கிறேன்.

படிப்பும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று சாதாரணதரப் பரீட்சை நெருங்கும்போது பிள்ளையை மறிக்கும் பெற்றோருக்கு நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தைச் சொல்வேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிப் பிள்ளை. 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ன் என இரண்டு ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர். 1958இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் தாண்டி, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கம் தந்தார். அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவனாகவும் பாய்ந்தார், கலாநிதிப் பட்டமும் பெற்றார், கல்வியாளராகவே நீண்ட காலம் வாழ்ந்தார். ரியூசனுக்காகப் பயிற்சியை முற்றாக நிறுத்திய பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். நெஞ்சு பொறுக்கவில்லை.

பெற்றோரே, பயிற்றுநரிடம் "எத்தனை பதக்கம் வாங்கினீர்கள்?" என்று கேட்கிறீர்கள். "என் பிள்ளை கடந்த 3 மாதத்தில் எவ்வளவு உயர்ந்திருக்கிறான்?" என்றும் கேளுங்கள். எங்கள் விளையாட்டு அறைக் கதவில் பென்சில் கோடுகள் நிறைய உண்டு. 3 மாதத்துக்கு ஒரு தடவை அளப்போம். யாருடைய கோடு சட்டென்று மேலே தாவுகிறதோ, அவருக்குப் பாய்ச்சல் பாதியாகும். தொடைத் தசையை நீட்டும் பயிற்சி கூடும்.

அந்தத் தம்பி முதல் சில வாரம் மணலைக் கிளறிச் சமப்படுத்தினான், மற்றவர்களுக்கு நாடா பிடித்தான். முதலில் முகம் தூக்கிக்கொண்டுதான் நின்றான். பிறகு யார் எந்தக் காலில் பிழை விடுகிறார்கள் என்று எனக்கு முதலே சொல்லத் தொடங்கினான். இப்போது தரம் 9. போன கிழமை அளந்தபோது அவனுடைய புதுக் கோடு பழைய கோட்டை ஒட்டியே விழுந்தது. முழங்காலை அழுத்திப் பார்த்தேன், காலை இழுக்கவில்லை. திங்கட்கிழமை 5 பாய்ச்சலோடு தொடங்குகிறோம்.