கறுப்புப் பூனை பென்சில்ல ஏன் வெள்ளியா மின்னுது?

தூங்கிட்டு இருந்த வீட்டுப் பூனைய வரைஞ்சேன், நல்ல கறுப்புப் பூனை, ஆனா எவ்வளவு அழுத்தித் தேச்சாலும் கறுப்பு ஏறல, வெள்ளி மாதிரி பளபளக்குது, பென்சில் மட்டமான்னு ஒரு வாசகர் கேட்டிருந்தாங்க. பென்சில் மேல தப்பே இல்லைங்க.

பென்சிலுக்குள்ள இருக்குற குச்சிய லெட்னு சொல்றோமே தவிர அதுல ஈயம் கிடையாது, கிராஃபைட்டையும் களிமண்ணையும் கலந்து சூளையில சுட்டது, 1795ல பிரான்ஸ்ல கோன்தேங்கறவர் கண்டுபிடிச்ச வழி. களிமண் கூடினா கெட்டியா, வெளிறலா எழுதுற எச் பென்சில், கிராஃபைட் கூடினா மெதுவா, கறுப்பா எழுதுற பி பென்சில்.

அழகே கிராஃபைட்டுக்கு உள்ளதான் இருக்கு. கார்பன் அணுக்கள் தேன்கூடு மாதிரி ஆறாறா கைகோத்து தகடு தகடா நிக்குது, ஒரு தகட்டுக்குள்ள பிடிப்பு அவ்வளவு உறுதி, ஆனா தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல 0.335 நானோமீட்டர் இடைவெளி, அங்க பிடிப்பு ரொம்ப வீக், அதனால லேசா உரசினாலே வழுக்கிட்டு உரிஞ்சு வந்துடும். பேப்பரோ நாரெல்லாம் பின்னிக் கிடக்குற மேடு பள்ளம், அந்த மேடு அரம் மாதிரி லெட்டை சீவிக்குது. மெதுவா தேச்சா மேட்டுல மட்டும் ஒட்டும், பள்ளம் வெள்ளையாவே நிக்கும், சுருண்டு படுத்த பூனையோட முதுகு மெத்துன்னு தெரியறதே அந்த வெள்ளையாலதான். அழுத்தினா பள்ளமும் நிரம்பி தகடெல்லாம் பேப்பரோட படுத்துடும், அப்புறம் கண்ணாடி மாதிரி வெளிச்சத்த ஒரே பக்கமா திருப்பி அடிக்கும். அதான் உங்க வெள்ளி. கரித்தூள் கன்னாபின்னான்னு கிடக்கறதால மின்னாது.

இதே தகட்ட 2004ல மான்செஸ்டர்ல கெய்ம், நோவோசெலோவ்னு ரெண்டு விஞ்ஞானிகள் டேப் ஒட்டி உரிச்சு உரிச்சு ஒத்தை அணு கனத்துக்கு கொண்டு வந்தாங்க, அதுக்குப் பேரு கிராஃபீன், அந்த வேலைக்கு 2010ல நோபல் பரிசு. இதனால என்ன பயன்னு முதல் பக்கத்துலயே கேக்குற ஃபண்டிங் ஃபார்ம் இந்த மாதிரி வேலையக் கொன்னுடும்னு நான் உறுதியா நம்பறேன், சும்மா உரிச்சுப் பாக்கவும் காசு ஒதுக்கணும்.

சரி, பூனைக்கு வருவோம். 4பி இல்லைன்னா 6பி பென்சில் எடுத்து, மயிர் போற திசையிலயே லேசா, ஒண்ணு மேல ஒண்ணா நாலஞ்சு தடவை போடுங்க. வயித்துக்கடியில விழுற இருட்டுக்கு கரி பென்சில்தான், அதை முதல்லயே போட்டுடுங்க, கிராஃபைட் படிஞ்ச வழுக்கல்ல கரி ஒட்டாது. முடிச்சதும் பேப்பர ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பாருங்க, மின்னுற இடத்துல மாவு மாதிரி பிசையற ரப்பர வெச்சு ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, தேச்சா தகடெல்லாம் இன்னும் நல்லா படுத்துக்கும்.