லிஸ்ட் சொல் கேட்காதபோது எங்கே தேடுவது?

தோவாளைப் பூச்சந்தைக் கடைக்காரர் ஒருவருக்கு ஜாவா என்ற நிரல்மொழியில் ஆர்டர் நிரல் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிச்சி, அரளி, சம்பங்கி என்ற மூன்று பெயர்களையும் அரேஸ்.ஆஸ்லிஸ்ட் என்ற கட்டளை மூலம் லிஸ்ட்டாக்கியாயிற்று, அதாவது பட்டியலாக்கியாயிற்று. ஓணத்தின் தொடக்க நாளான அத்தம் பிறந்ததும் திருவனந்தபுரத்து வியாபாரி அத்தப்பூக்களம் என்ற பூக்கோலத்துக்கு வாடாமல்லியும் கேட்கிறார். லிஸ்ட்டில் ஆட் என்ற சேர்க்கும் கட்டளையைப் போட்டு ஒரு வரி சேர்க்கிறீர்கள். ஓட்டுவதற்கு முன் நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் ஒரு குறையும் சொல்லவில்லை. ஓட்டினால், 'அன்சப்போர்ட்டட் ஆபரேஷன் எக்செப்ஷன்', அதாவது 'இந்தச் செயலுக்கு இடமில்லை' என்ற பிழையோடு நின்றுவிடுகிறது.

களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் இது பழகிய பிழையாகத்தான் இருக்கும். பிழை வந்ததும் கண் நேராக ஆட் வரிக்குப் போகும். அந்த வரியில் தப்பே இல்லை. லிஸ்ட் என்பது ஓர் இன்டர்ஃபேஸ். என்னென்ன கேட்கலாம் என்பதை மட்டும் அது சொல்லும். கேட்டதைச் செய்வதோ மறுப்பதோ பின்னால் இருக்கும் கிளாஸின், அதாவது செய்முறையை எழுதிவைத்த நிரல்பகுதியின், வேலை. ஆஸ்லிஸ்ட் தரும் கிளாஸ் ஓர் அர்ரேயை (வரிசையாக அடுக்கிய இடங்களை) அப்படியே உள்ளே வைத்திருக்கிறது. அர்ரேயின் நீளம் மாறாது. ஆகவே அரளியின் இடத்தில் வாடாமல்லியை வைக்க செட் ஒத்துக்கொள்ளும்; நான்காவதாகச் சேர்க்க ஆட் மறுத்துவிடும். பின்னால் இருப்பது எந்தக் கிளாஸ் என்று கம்பைலர் பார்ப்பதில்லை. அதனால் பிழை ஓடும்போதுதான் தெரியவரும்.

இது தெரிந்தே எடுத்த முடிவு. லிஸ்ட் போன்றவற்றைக் கொண்டு 1998-இல் ஜாவா 1.2-உடன் வந்த கலெக்‌ஷன்ஸ் தொகுப்பை வடிவமைத்தவர் ஜோஷுவா பிளாக். மாறும் லிஸ்ட், மாறாத லிஸ்ட், நீளம் மட்டும் மாறாத லிஸ்ட் என ஒவ்வொன்றுக்கும் தனி இன்டர்ஃபேஸ் வைத்தால் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போய்விடும். அதனால் ஆட், ரிமூவ் போன்றவற்றை 'விரும்பினால் செய்யலாம்' என்ற வகையில் ஆவணத்தில் குறித்துவிட்டார்கள். தாய் வகை இருக்கும் இடத்தில் சேய் வகையை வைத்தாலும் நிரல் கெடக்கூடாது என்பது கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987-இல் முன்வைத்த கருத்து. ஆவணத்தின் அந்தக் குறிப்பால் ஜாவா அந்த விதியை எழுத்தளவில் மீறவில்லை. ஆனாலும் சுமை முழுக்கப் புதிதாகப் படிக்க வருகிறவர் தலையில் விழுகிறது என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சரி, எப்படித் தேடுவது? இந்தப் பிழையில் விளக்கச் செய்தி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸின் மேல்வரிகளில் வரும் கிளாஸ் பெயர்தான் துப்பு. ஆப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் என்றிருந்தால் முதல் சந்தேகம் ஆஸ்லிஸ்ட் மேல். இம்யூட்டபிள்கலெக்‌ஷன்ஸ் என்றிருந்தால் ஜாவா 9-இல் வந்த லிஸ்ட்.ஆஃப், இல்லையென்றால் ஜாவா 16-இல் வந்த ஸ்ட்ரீமின் டூலிஸ்ட். அன்மாடிஃபையபிள் என்றிருந்தால், யாரோ தன் லிஸ்ட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டியிருக்கிறார்: நீங்கள் கைவைக்க முடியாது, ஆனால் சொந்தக்காரர் உள்ளே மாற்றினால் உங்களுக்கும் தெரியும். பெயர் கிடைத்ததும் அந்த லிஸ்ட் பிறந்த வரிக்குப் போங்கள்.

அங்கே புதிய அர்ரேலிஸ்ட்டில் நகலெடுத்துக்கொண்டால் ஆட் வேலை செய்யும். அதற்கு முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: இந்த லிஸ்ட்டை மாற்றும் உரிமை இந்த இடத்துக்கு உண்டா? வேறொருவர் பூட்டித் தந்ததை நகலெடுத்து மாற்றினால் மூலம் பழையபடியே இருக்கும். அதை நம்பியிருக்கும் பகுதிக்கு வாடாமல்லி போய்ச் சேராது. பிழையைப் பிடித்துக்கொள்ளும் ட்ரை-கேட்ச் போட்டு அதை விழுங்குவது இன்னும் மோசம். ஆர்டர் தொலைந்தது யாருக்குமே தெரியாது.

எனக்கு மிகவும் ஆபத்தாகப் படுவது ரிமூவ், அதாவது நீக்கும் கட்டளை. ஆஸ்லிஸ்ட் தந்த லிஸ்ட்டில், இல்லாத ஒரு பூவின் பெயரைக் கொடுத்து நீக்கச் சொல்லுங்கள். பிழையே வராது, 'இல்லை' என்று ஃபால்ஸ் மட்டும் திரும்பும். உள்ள பெயரைக் கொடுத்தால்தான் வெடிக்கும். உள்ளே ஒவ்வொன்றாகத் தேடி, கண்டுபிடித்த பிறகே அது நீக்க முயல்கிறது. தடை அங்கேதான் இருக்கிறது. லிஸ்ட்.ஆஃப் அப்படியில்லை, எந்தப் பெயரை நீக்கச் சொன்னாலும் உடனே மறுத்துவிடும். அலுவலகத்தில் ஒழுங்காக ஓடிய நிரல் கடைக்குப் போனதும் விழுவதற்கு இது ஒன்றே போதும். அதனால் ரிமூவைச் சோதிக்கும்போது லிஸ்ட்டில் உள்ள பெயர், இல்லாத பெயர் இரண்டையும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.