ஆளைக் கண்டால் பாயும் சேவல்

கொல்லையில் ஏழு பெட்டைகளோடு ஒரு சிறுவிடைச் சேவலை வளர்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். குஞ்சாக இருந்தபோது மடியில் ஏறி நொய்யரிசி தின்ற அந்தச் சேவல், ஆறு மாதம் ஆனதும், அவர் முட்டை எடுக்கக் குனியும்போதெல்லாம் பின்னாலிருந்து பாய்ந்து கெண்டைக்காலைக் கிழிக்கிறது. அவருடைய கணவரிடம் மட்டும் வாலாட்டுவதில்லை. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதைத் தள்ளிப்போட்டதால் சேவலுக்குச் சாமி ஏறியிருப்பதாக மாமியார் சொல்கிறார். அது உண்மையா, இல்லையென்றால் என்ன செய்வது என்று கேட்கிறார் வாசகி.

சேவலின் விரைகள் வெளியே தெரிவதில்லை. வயிற்றுக்குள் சிறுநீரகங்களை ஒட்டி இருக்கின்றன. ஐந்தாறு மாத வயதில் அவை பருத்து, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கத் தொடங்குகின்றன. கொண்டை சிவந்து தடிப்பதும், தாடி தொங்குவதும், கூவலுக்குக் கணீரென்ற குரல் வருவதும், சண்டைக்குணம் தலைதூக்குவதும் அதன் பிறகுதான். பள்ளியில் படித்த இந்தச் செய்தியை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே சேவல்தான் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஜெர்மனியின் கட்டிங்கன் நகரில் ஆர்னால்ட் அடால்ஃப் பெர்தோல்ட் என்ற உடலியல் பேராசிரியர் 1848 ஆகஸ்டில் இரண்டு மூன்று மாத வயதுள்ள ஆறு சேவல் குஞ்சுகளை எடுத்துக்கொண்டார். இரண்டுக்கு விரைகளை முழுவதுமாக நீக்கினார். மற்ற நான்கில் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரே ஒரு விரை மட்டும், பழைய இணைப்புகள் அறுக்கப்பட்ட நிலையில் இருக்குமாறு செய்தார்; அவற்றில் இரண்டுக்கு ஒன்றின் விரையை மற்றொன்றுக்கு மாற்றிக் குடல்களுக்கிடையே வைத்தார். விரையிழந்த இரண்டும் வெளிறிய சிறு கொண்டையோடு, சண்டைக்குப் போகாமல், சரியாகக் கூவவும் தெரியாமல் வளர்ந்தன. மற்ற நான்கும் கூவின, பெட்டைகளைத் துரத்தின, ஒன்றோடொன்று மோதின. பின்னர் வயிற்றைத் திறந்து பார்த்தபோது, இடம் மாறிய விரை புதிய இடத்தில் ஒட்டிக்கொண்டு புது இரத்தக் குழாய்களைப் பெற்றிருந்தது. நரம்புத் தொடர்பு மட்டும் இல்லை. நரம்பு இல்லாமலே விரையின் கட்டளை கொண்டைக்கும் மூளைக்கும் போயிருக்கிறதென்றால், அது இரத்தத்தின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று 1849இல் வெளியிட்ட மிகச் சிறிய கட்டுரையில் அவர் எழுதினார். 'ஹார்மோன்' என்ற சொல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய முடிவு இது. பிற்காலத்தில் ஆய்வாளர்கள், ஒரு சாற்றில் ஆண் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதை, அதை விரை நீக்கிய சேவலுக்குச் செலுத்தி, கொண்டை எவ்வளவு வளர்கிறது என்று அளந்தே கணக்கிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் 1935இல் பிரித்தெடுக்கப்பட்டதற்குப் பின்னால் அந்தச் சிவந்த கொண்டைகளும் இருக்கின்றன.

ஆனால் ஹார்மோன் சண்டைக்கு உடலைத் தயாராக்குமே தவிர, யாரோடு சண்டை என்பதைச் சொல்வதில்லை. ஆணுக்கு ஆண் சவால் விடும் சூழலில் பறவைகளின் டெஸ்டோஸ்டிரோன் அளவு உயர்கிறது என்று 1990இல் ஜான் விங்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் விளக்கினார்கள். கையில் வளர்ந்த சேவலுக்கு மனிதரிடம் அச்சம் விட்டுப்போகிறது. அச்சம் இல்லாத இடத்தில் அவரும் கூட்டத்தில் ஓர் ஆளாகவே படுகிறார். முதலில் அது பாய்வதில்லை. ஒரு சிறகைத் தரைவரை தாழ்த்தி, இறகு நுனி மண்ணில் சரசரவென உரச, பக்கவாட்டில் சின்னச் சின்ன அடி வைத்து அரைவட்டம் போடும். கழுத்து இறகு சிலிர்க்கும். கண்ணை நம்மிடமிருந்து எடுக்காமலே மண்ணைக் கொத்தும். இவ்வளவும் கேள்விதான். வாசகி பின்வாங்கியபோது 'நீயே பெரியவன்' என்ற பதில் அதற்குக் கிடைத்துவிட்டது. கணவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை; அதனால் அவர் தப்பினார். சாமியின் கோபம் என்று விட்டுவிட்டால் இந்தக் கேள்வி பதில் நம் கண்ணிலேயே படாமல் போகும். நேர்த்திக்கடன் தீர்ந்த பிறகு அடுத்த சேவலும் இதே பாடத்தைக் கற்கும் என்பதே என் வருத்தம்.

ஆகவே ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது. எட்டி உதைக்கவும் கூடாது, ஏனென்றால் உதை என்பது சண்டையை ஏற்றுக்கொண்டதாகவே அதற்குப் புரியும். நீண்ட உடையும் மூடிய காலணியும் அணிந்து, ஒரு முறத்தைக் காலுக்கு முன்னே பிடித்துக்கொண்டு, சேவல் வட்டமிடத் தொடங்கும்போதே அதை நோக்கி மெதுவாக நடக்க வேண்டும். அது விலகித் தன் போக்கில் மேயத் தொடங்கும் வரை நகர்ந்துவிடாமல் நிற்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், இரண்டு சிறகுகளையும் சேர்த்து அணைத்துக் கக்கத்தில் இடுக்கி, திமிறல் அடங்கும் வரை வைத்திருந்து இறக்கிவிடலாம். கால்முள்ளுக்குள் எலும்பும் இரத்த ஓட்டமும் இருப்பதால் நுனியை மட்டும் இரவில் அரத்தால் மழுக்க வேண்டும். முள் குத்திய காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசி போட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். சிறு குழந்தைகளை மட்டும் இந்தப் பயிற்சிக்குப் பக்கத்தில் விடவே கூடாது. அவர்களுடைய கண்கள் சேவல் பாயும் உயரத்தில் இருக்கின்றன.

எல்லாச் சேவலும் திருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். குணத்தில் ஒரு பங்கு பிறப்போடு வருகிறது. சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அசில் சேவல், எதிரிச் சேவலைக் கண்டால் விடாது. ஆனால் வளர்ப்பவர் கையில் பூனைபோல் அடங்கி நிற்கும். ஆளைக் கொத்துவதை வளர்த்தவர்கள் வைத்துக்கொள்ளவில்லை என்பதே காரணம். நம் நாட்டுக்கோழிகளின் எடைக்கும் முட்டைக்கும் செலவிடும் ஆய்வுப் பணத்தில் ஒரு சிறு பகுதியையாவது இந்தக் குணத்தைப் பற்றிய ஆய்வுக்கு ஒதுக்க வேண்டும். கோழி வளர்ப்பில் பெரும்பங்கு வீட்டுப் பெண்களுடையது, கிழிபடுவதும் அவர்கள் கால்தான். மூன்று நான்கு வாரம் நின்று பார்த்தும் சேவல் மாறாவிட்டால், வாசகி அதைத் தயங்காமல் கழித்துவிடலாம். அதற்குப் பிறந்த முட்டைகளையும் அடைக்கு வைக்க வேண்டாம்.