ஏலத்துல எடுத்த ஆர்மி ஜீப்புக்கு இன்ஜின் மாத்துறதுக்கு முன்னாடி

கானாடுகாத்தான்ல இருந்து ஒரு அண்ணன், ஆர்மி ஏலத்துல எடுத்த மஹிந்திரா எம்எம் 540-ஐ கயிறு கட்டி இழுத்துக்கிட்டு காரைக்குடில நம்ம பட்டறைக்கு வந்தாரு. "இன்ஜின் போச்சுங்கிறாக தம்பி, மாத்தி மூணு மாசம்கூட ஆகலையே"ன்னாரு.

டிப் ஸ்டிக்கை உருவுனா ஆயில் பால் காபி நிறத்துல இருக்கு, தண்ணி உள்ள இறங்கிருச்சு. இப்ப போய் செல்ஃப் அடிச்சுறாதீங்க, பிஸ்டன் மேல தண்ணி நின்னா அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். நாலு ஹீட்டர் பிளக்கையும் (குளிர்ல ஸ்டார்ட் ஆக சிலிண்டருக்குச் சூடு குடுக்குற பிளக்) கழட்டிட்டு, பிஸ்டனை ஏத்தி இறக்குற கிராங்கை ஸ்பேனர் போட்டு கையால சுத்துனேன், மூணாவது ஓட்டைல இருந்து தண்ணி பீச்சி அடிச்சுச்சு. இன்ஜின் மேல் மூடியான ஹெட்டைத் தூக்குனா, அதுக்கு அடில இருக்குற கேஸ்கெட் வெந்திருக்கு, ஹெட் வளைஞ்சிருக்கு, பிஸ்டன் ஓடுற குழாயான லைனர் பூரா கோடு.

சரி, ஏன் போச்சு? ரேடியேட்டரைத் தொறந்தேன், பாதி டியூப்ல வெள்ளை வெள்ளையா உப்பு அடைச்சுக் கெடக்கு. முத இன்ஜினும் இதுலதான் போயிருக்கணும், மாத்துனவங்க இதைத் தொடவே இல்ல. இந்த இன்ஜின் பிரான்ஸ் கம்பெனி பெஜோவோட டிசைன், எக்ஸ்டிபி 4.90, 2112 சிசி, வெட் லைனர், அதாவது தண்ணி லைனரைத் தொட்டுக்கிட்டே ஓடும், அதனால உப்பு லைனர் மேலயும் படியும். முத்தத்து மழைத்தண்ணிய அண்டாவுல புடிச்சு வச்சுக் குடிச்ச ஊரு, வண்டிக்கு மட்டும் போர் தண்ணியாம்! டிஸ்டில்டு வாட்டர்ல கூலன்ட் கலந்து ஊத்துங்க.

ஆனா புகை வந்தாலே இன்ஜினை எறக்கணும்னு இல்ல. காலைல வெள்ளைப் புகை வந்து சூடானதும் நின்னா மொதல்ல ஹீட்டர் பிளக்கைப் பாருங்க. டிப்போல வருசக்கணக்கா நின்ன வண்டின்னா டேங்க்ல துரு, டீசல்ல தண்ணி, பைப்ல ஏர் லீக் எல்லாம் இருக்கும். நீலப் புகை விட்டு, ஆயில் மூடியைத் தொறந்தா புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டா மட்டும் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தத்தை அளக்குற மீட்டர்) போடுங்க.

மாத்துறதுன்னு முடிவானா டேங்க், ரேடியேட்டர் ரெண்டையும் கழுவிட்டுத்தான் புது இன்ஜினை வண்டிக்குள்ள வைக்கணும், கியர் பாக்ஸ் வெளிய இருக்கும்போதே கிளட்ச் பிளேட்டும், இன்ஜின் பின்பக்கம் ஆயில் கசியாம அடைக்குற ரியர் சீலும் மாத்திருங்க, அப்புறம் மறுபடி எறக்குற கூலி மிச்சம். வயர்லெஸ் செட் வச்ச ஆர்மி வண்டின்னா கரன்ட் 24 வோல்ட், சிவிலியன் வண்டியோட 12 வோல்ட் செல்ஃப் மோட்டாரை அப்படியே மாட்டுனா கருகிரும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டீசலைக் கட் பண்ணி, ஆயில் பிரஷர் ஏறுற வரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் அடிங்க.

இன்ஜின் வாங்குன பில்லையும் பத்திரமா வைங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி ஆர்சில புது இன்ஜின் நம்பரை ஏத்தணும். அண்ணன் ஆர்சில இன்னும் முத இன்ஜின் நம்பர்தான் இருக்கு.