அழுகும் குப்பை, மக்கும் குப்பை

2022 ஏப்ரல் கடைசியில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தும் நாள்கணக்கில் புகைந்தது. இப்படிப்பட்ட மேடுகளில் மேலே அணைத்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும், வேறோர் இடத்தில் மறுபடி தலைகாட்டும். முதல் பொறி எங்கிருந்து வந்தாலும் சரி, அதைப் பிடித்துக்கொண்டு எரிய ஒரு வாயு குப்பை மேட்டுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருக்கிறது. மீத்தேன். அதை யாரும் லாரியில் ஏற்றி வந்து கொட்டவில்லை. நம் வீடுகளிலிருந்து போனது மிச்ச சோறும், காய்கறித் தோலும், சாப்பிட்ட வாழை இலையும்தான்.

அதே காய்கறித் தோலை மொட்டை மாடியில் ஓட்டை போட்ட ஒரு பானையில் போட்டிருந்தால் மீத்தேன் வந்திருக்காது. சில மாதங்களில் கறுத்து, உதிர்ந்து, எருவாகியிருக்கும். ஒரே தோல் இரண்டு விதமாக முடிவதற்குக் காரணம் ஆக்சிஜன்.

தோலைத் தின்பது நுண்ணுயிர்கள். காற்று கிடைக்கும் இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் நம்மைப் போலவே சுவாசிக்கின்றன. உணவில் இருக்கும் கார்பனை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் வெப்பத்தையும் வெளியிடுகின்றன. காற்று தீர்ந்துவிட்டால் இவை அடங்கிப்போய், ஆக்சிஜன் இல்லாமலே பிழைக்கத் தெரிந்த வேறு கூட்டம் வேலையை எடுத்துக்கொள்கிறது. அவற்றால் உணவை முழுதாக எரிக்க முடியாது. பாதி உடைத்துப் புளித்த அமிலங்களாக விட்டுவிடுகின்றன. புரதத்தில் உள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறுகிறது. அழுகிய முட்டையின் நாற்றம் அதுதான். கடைசியில் வரும் ஒரு வகை நுண்ணுயிர்கள் அந்த அமிலங்களின் மிச்சத்தை மீத்தேனாக மாற்றுகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும்.

இதற்குக் குப்பை மேடுகூட வேண்டாம். ஈரக் கழிவைக் கேரி பேக்கில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டாலே போதும். உள்ளே இருக்கும் கொஞ்சம் காற்று சீக்கிரமே தீர்ந்துவிடும், மறுநாள் முடிச்சை அவிழ்த்தால் புளித்த வாடை முகத்தில் அடிக்கும்.

இந்த அழுகல் தன்னோடு நிற்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. புதிதாக அழுகும் குப்பையிலிருந்து கசியும் கறுப்புத் தண்ணீர் அமிலத்தன்மை கொண்டது. அதே குவியலில் பேட்டரி, டியூப் லைட், பெயிண்ட் டப்பா, பழைய சார்ஜர் எல்லாம் கிடந்தால், அவற்றிலிருக்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை அந்த நீர் கரைத்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கும். தனியாக உலர்ந்து கிடந்தால் பேட்டரி இவ்வளவு வேகமாகக் கசியாது. தனியாகக் கிடந்தால் காய்கறித் தோலால் யாருக்கும் விஷம் ஏறாது. சேர்ந்து கிடக்கும்போதுதான் இரண்டும் ஆபத்தாகின்றன. பெருங்குடி கிடங்கு இருப்பது பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் மடியில் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

குவியலின் எடையும் ஓர் ஆபத்து. 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், கொழும்பை ஒட்டிய மீதொட்டமுல்லவில் மழையில் ஊறிக் கனத்த குப்பைமலை சரிந்து வீடுகள்மேல் விழுந்தது. முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள்.

இப்போது பல ஊர்களில் பழைய மேடுகளைக் கிளறிச் சலித்துப் பிரிக்கிறார்கள். பயோமைனிங் என்று சொல்லப்படும் வேலை இது. பெருங்குடியிலும் இது தொடங்கப்பட்டது. சுழலும் பெரிய சல்லடை உருளைகளில் போட்டால் மண் போன்ற பொடி ஒரு பக்கம், கல்லும் செங்கல்லும் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் துணியும் ஒரு பக்கம் என்று பிரியும். எரியக்கூடியவை சிமென்ட் ஆலைச் சூளைகளுக்கு எரிபொருளாகப் போகின்றன. அங்கே வெப்பம் 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்பதால் சாதாரணமாகத் தெருவில் எரிப்பதுபோல் அரைகுறையாக எரிவதில்லை. ஆனால் அந்த மண் போன்ற பொடி பார்க்க எருவைப் போல இருந்தாலும், உலோகமும் கண்ணாடித் துகளும் பிளாஸ்டிக் துணுக்கும் கலந்திருக்கக்கூடியது. சோதிக்காமல் அதைக் காய்கறித் தோட்டத்துக்குக் கொடுக்க முடியாது. பெரும்பாலும் பள்ளம் நிரப்பத்தான் போகிறது. எத்தனையோ வருடங்கள் கழித்து, எவ்வளவோ பணம் செலவழித்துப் பிரித்தாலும் கிடைப்பது இவ்வளவுதான். வீட்டில் இரண்டு தொட்டி வைத்திருந்தால் முதல் நாளே இதைவிட நன்றாகப் பிரிந்திருக்கும்.

சரி, வீட்டுப் பானைக்கு வருவோம். மக்கவைப்பதில் பலர் தோற்பது ஒரே இடத்தில்தான்: காய்கறிக் கழிவை மட்டும் போட்டுக்கொண்டே போவார்கள். நாலாம் நாள் நாற்றம், ஆறாம் நாள் பக்கத்து வீட்டுச் சண்டை, அதோடு பானை ஒதுக்கப்பட்டுவிடும். காய்ந்த இலையையோ தென்னை நார்க்கழிவையோ சேர்க்கச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, காற்று. சமையலறைக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். அது அமுங்கி, இடைவெளிகளில் நீர் நிரம்பிவிட்டால் காற்று போக வழியில்லை. காய்ந்த சருகு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, இடையிடையே வெற்றிடம் விட்டு நிற்கும். கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் ஈரம் அதிகம். பொடிப்பொடியாக உதிர்ந்தால் ஈரம் போதாது, நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும்.

இரண்டாவது காரணம் இன்னும் சுவாரசியமானது. நுண்ணுயிர்களின் உடலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ பத்துப் பங்கு கார்பன் இருக்கும். அப்படியானால் அவற்றின் உணவிலும் பத்துக்கு ஒன்று போதுமே என்று தோன்றும். போதாது. தின்னும் கார்பனில் மூன்றில் இரண்டு பங்கைச் சக்திக்காக எரித்துவிடுகின்றன, மீதிதான் உடலாகிறது. ஆக, பத்துப் பங்கு உடலுக்கு, இருபது பங்கு எரிபொருளுக்கு, மொத்தம் முப்பது. உரக்குழி பற்றிய வழிகாட்டிகளில் எல்லாம் வரும் 25-30க்கு 1 என்ற விகிதம் இப்படி வந்ததுதான். காய்கறிக் கழிவில் கார்பன் இதைவிடக் குறைவு. மிஞ்சும் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்து மூக்கைத் துளைக்கும். செடிக்குப் போக வேண்டிய சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம். சருகிலும் வைக்கோலிலும் கார்பன் அதிகம், மரத்தூளில் மிக மிக அதிகம். மரத்தூளை மட்டும் குவித்து வைத்தால் நாறாது, ஆனால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

எல்லாம் சரியாக அமைந்தால் குவியல் சூடாகும். தோட்டத்தில் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்குக் குவித்தால் உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை போகும். கையை உள்ளே விட்டால் சட்டென்று எடுத்துவிடுவோம். அந்தச் சூட்டில் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் செத்துப்போகும். அப்புறம் எளிதில் கரையும் சர்க்கரையும் மாவும் தீர்ந்ததும் சூடு தணியும். பூஞ்சைகள் வந்து, சருகின் விறைப்புக்குக் காரணமான லிக்னினை மெல்ல உடைக்கும். கூடவே ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியா வகையும் பெருகும். சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை இழைகள் தெரியும். முதல் மழையில் வரும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் இவை உண்டாக்கும் பொருள்தான். எரு தயாரா என்று பார்க்க அந்த வாசனையே போதும்.

மாடிப் பானை சின்னது. உண்டாகும் வெப்பம் பக்கவாட்டில் வெளியேறிவிடுவதால் அவ்வளவு சூடு ஏறாது. அதனால் விதைகள் சாவதில்லை. வீட்டு எருவைத் தொட்டியில் போட்டால், போடாத தக்காளியும் மிளகாயும் பூசணியும் தாமாக முளைப்பது இதனால்தான். இது குறை ஒன்றுமில்லை, பல மாடித்தோட்டங்களில் நல்ல தக்காளிச் செடி வந்தது இப்படித்தான்.

இடையில் பானையில் சாம்பல் நிறத்தில், அரிசியைவிடப் பெரிதாகத் தடித்த புழுக்கள் நெளிவதைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அவை கறுப்பாக, குளவி போல இருக்கும் ஒரு ஈயின் புழுக்கள். வீட்டு ஈயைப் போல இந்த ஈ உணவில் வந்து மொய்க்காது. வளர்ந்த பிறகு அது தின்பதே மிகக் குறைவு. புழுவாக இருக்கும்போது மிச்சச் சோற்றையும் பழத்தையும் அசுர வேகத்தில் தின்று தீர்க்கும். கோழிக்கும் மீனுக்கும் நல்ல தீனி என்பதால் இதைத் தனியாக வளர்க்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். மேலே ஒரு கை சருகைப் போட்டு மூடிவிட்டால் போதும்.

காற்றில்லாமல் நடக்கும் வேலையையும் வீணாக்க வேண்டியதில்லை. மூடிய தொட்டிக்குள் வேண்டுமென்றே காற்று புகாமல் அடைத்துவிட்டு, வரும் வாயுவைக் குழாயில் பிடித்தால் அது பயோகேஸ். கிராமத்துச் சாண எரிவாயுக் கலன் இதுதான். குப்பை மேட்டில் நாசம் செய்யும் அதே நுண்ணுயிர்கள் இங்கே அடுப்பெரிக்கின்றன. வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். மிஞ்சும் கரைசல் வயலுக்கு உரம். கோயம்பேடு சந்தையின் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க 2000-களிலேயே ஆலை அமைத்தார்கள். ஹோட்டல், விடுதி, கல்யாண மண்டபம் மாதிரி தினமும் சோறும் சாம்பாரும் மிஞ்சும் இடங்களுக்கு எருக்குழியைவிட இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. எண்ணெயும் தண்ணீரும் கலந்த கழிவு எருக்குழியைக் கெடுக்கும், பயோகேஸ் தொட்டி அதைத் தாங்கும். ஆனால் ஒரு பிளாஸ்டிக் உறை உள்ளே போய்க் குழாயை அடைத்தாலும் வேலை நின்றுவிடும்.

இனி மக்காத குப்பை. பிளாஸ்டிக்கும் கார்பன் சங்கிலிதான், நுண்ணுயிர் ஏன் தின்பதில்லை? சங்கிலி மிக நீளம், அதை வெட்டும் நொதி பெரும்பாலான நுண்ணுயிர்களிடம் இல்லை. பிளாஸ்டிக் பரவலாகி நூறாண்டுகூட ஆகவில்லை. விதிவிலக்காக, பெட் பாட்டில் பிளாஸ்டிக்கை மெல்ல உடைக்கும் ஒரு பாக்டீரியாவை ஜப்பானின் சகாய் நகரில் கண்டுபிடித்து 2016-ல் அறிவித்தார்கள். அதை நம்பி பாட்டிலை வீச முடியாது.

நுண்ணுயிரால் முடியாததை நாம் உருக்கிச் செய்கிறோம். அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரிக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். பழைய பாத்திரத்தை உருக்கினால் அதில் ஏறத்தாழ 95 சதவீதம் மிச்சம். கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. காகிதம் அப்படியில்லை. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குட்டையாகும், ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு தாளாகப் பிடித்து நிற்காது. நார்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது தண்ணீரின் உதவியால் என்பதால், எண்ணெய் பட்ட தாளைப் பழைய பேப்பர் கடையில் எடுக்க மாட்டார்கள். பஜ்ஜி மடித்த பேப்பர் எருக்குழிக்குத்தான் போக வேண்டும். டீ குடிக்கும் பேப்பர் கப் அங்கேயும் சேராது, உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடைசெய்த ஒருமுறை பிளாஸ்டிக் பட்டியலில் அதுவும் உண்டு.

பிளாஸ்டிக்கில் ஒரே வகைப் பொருளால் ஆனதற்கு மதிப்பு அதிகம். பால் கவர் முழுக்கப் பாலிஎத்திலீன். கழுவிக் காயவைத்தால் காயலான் கடையில் விலை உண்டு. மூலையைத் துண்டாக வெட்டிப் போடாமல் லேசாகக் கீறி ஊற்றினால், அந்தச் சின்னத் துண்டு சாக்கடைக்குப் போகாமல் கவரோடு இருக்கும். தண்ணீர் பாட்டில் ஒரு வகை, அதன் மூடி வேறு வகை. இரண்டையும் அரைத்து நீரில் போட்டால் பாட்டில் துகள் மூழ்கும், மூடித் துகள் மிதக்கும். பிரிப்பதற்கு அவ்வளவு எளிய வழி. பாட்டில் துகளை உருக்கி இழுத்துப் பாலியஸ்டர் நூலாக்குகிறார்கள்.

சிப்ஸ் பாக்கெட்டிலும் ஷாம்பு பாக்கெட்டிலும் இந்த வழி செல்லாது. இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக்கும் அலுமினியப் படலமும் மயிரிழையைவிட மெல்லிய அடுக்குகளாக ஒட்டியிருக்கின்றன. பிரித்தெடுக்க ஆகும் செலவு கிடைக்கும் பொருளைவிட அதிகம். காயலான் கடைக்காரர் வாங்காததும், தெருவோரம் எங்கும் இதுவே கிடப்பதும் இதனால்தான். இங்கே குற்றம் வாங்குகிறவரைவிட, பிரிக்கவே முடியாதபடி வடிவமைத்தவரிடம்தான் அதிகம் என்று நினைக்கிறேன். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட பிளாஸ்டிக் சாலை இதற்கு ஓரளவு வழி தருகிறது. சூடாக்கிய ஜல்லியில் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் உருகி மேலே பூச்சாகப் படியும், அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கும், தண்ணீர் புகாது. 2002-ல் சென்னை ஜம்புலிங்கம் தெருவில் இப்படிச் சாலை போட்டார்கள். அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பிவிசி மட்டும் இதில் கூடாது, சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அங்கேயும் முதல் வேலை பிரிப்பதுதான்.

ஈரக் குப்பைக்கான பச்சைத் தொட்டி, உலர் குப்பைக்கான நீலத் தொட்டி இரண்டிலும் சேராதவை சில உண்டு. பேட்டரி, டியூப் லைட், காலாவதி மாத்திரை, ஊசி, பூச்சிமருந்து டப்பா ஆகியவற்றை ஒரு பழைய அட்டைப் பெட்டியில் தனியாகச் சேர்த்து வையுங்கள். டியூப் லைட்டை உடைக்காதீர்கள், உள்ளே பாதரச ஆவி இருக்கிறது. நாப்கினையும் டயபரையும் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் கெட்டித் தாளில் மடித்து, மேலே கொட்டை எழுத்தில் ‘கண்ணாடி’ என்று எழுதித் தூய்மைப் பணியாளரின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வண்டியில் ஏறிய பிறகு குப்பையைக் கையால்தான் கிளறுகிறார்கள், பல ஊர்களில் கையுறைகூட இல்லாமல்.