படத்தைப் போட்டுவிட்டு ஓடாதீர்கள்

போன வாரமும் அதே கதைதான். ஹட்டன் பக்கத்துப் பாடசாலை மண்டபம். சிங்களப் பிள்ளைகள் ஒரு பக்கம், தமிழ்ப் பிள்ளைகள் மறுபக்கம். மேலே நல்லிணக்கச் செயலமர்வு என்று பெனர். படம் ஓடியது, கடைசியில் இரு இனத்தவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். லைட்டைப் போட்டதும் பிரமுகர் பேசினார், ஷோர்ட் ஈட்ஸ் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட்டார்கள். ஒரு பிள்ளைகூட மறுபக்கத்துப் பிள்ளையோடு பேசவில்லை. செயலமர்வு நடத்தப் போகும் வளவாளராக இதை இன்னும் எத்தனை முறை பார்ப்பது?

ஒற்றுமையைப் பற்றிய படம் போட்டால் ஒற்றுமை வந்துவிடும் என்று அதிபர்முதல் அதிகாரிவரை எல்லோருக்கும் ஒரு நினைப்பு. வராது. புத்தி சொல்ல எடுத்த படம் எது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். தெரிந்ததும் காதை மூடிக்கொள்ளும். மேடைப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்த பிள்ளைகளுக்குத் திரையிலும் அதே பேச்சா? நான் பார்த்தவரையில், சமாதானம் என்ற சொல்லே வராத படங்கள்தான் பிள்ளைகளைப் பேசவைத்திருக்கின்றன. யாரோ ஒருவருடைய வீடு, கடன், பிடிவாதம். அதை உண்மையாகக் காட்டினால் போதும்.

சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) முழுக்க ஒரு சிங்களக் கிராமத்துக் கதை. ஆமிக்குப் போன மகன் இறந்துவிட்டான் என்று சீல் வைத்த பெட்டி வருகிறது. கண் தெரியாத தகப்பன் நம்ப மறுக்கிறார். இழப்பீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். கடைசியில் குழியைத் தோண்டினால் பெட்டிக்குள் வாழைத்தண்டும் கல்லும். 2000ஆம் ஆண்டு தடுக்கப்பட்டு, உயர் நீதிமன்றம்வரை போய் வெளிவந்த படம்.

இதை ஒரு செயலமர்வில் போட்டேன். ஆமிக்காரர் என்றால் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பையன்களுக்குத் தெரிந்தது அப்பா சொன்ன செக்பொயின்ட் கதைதான். படம் முடிந்ததும் ஒருவன் கேட்டான்: "அவங்க வீட்லயும் கஷ்டந்தானா மிஸ்? அதுக்குத்தான் ஆமிக்குப் போனாரா?" நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வரிசையிலிருந்த கொத்மலைச் சிங்களப் பிள்ளை, தன் சித்தப்பா ஏன் சேர்ந்தார் என்று அரைகுறைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். அன்றைக்கு அவர்களை வீட்டுக்கு அனுப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

மறுபக்கமும் இதே கதைதான். இயக்குநர் சுமதி சிவமோகனின் 'இங்கிருந்து' மலையகத் தோட்ட மக்களைப் பற்றியது. அதைப் பார்த்த சிங்களப் பிள்ளைகள், இந்த மக்கள் ஏன் இத்தனை காலமாக லயக் காம்பராவிலேயே, அந்த வரிசை வீடுகளிலேயே, இருக்கிறார்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். அவர்களைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்தையும், அவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் படிக்காமல் முன்னால் போய் நிற்காதீர்கள். "அது அப்படித்தான்" என்று மழுப்புவதற்குப் படம் போடாமலே இருக்கலாம்.

'அவர்களுடைய படம் இவர்களுக்கு எதற்கு' என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒன்று: 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும்படத்தைத் தயாரித்த எஸ். எம். நாயகம் ஒரு தமிழர்.

பிள்ளைகளைக் கலந்து உட்காரவையுங்கள். சப்டைட்டில் இரண்டு மொழியிலும் கிடைக்கிறதா, கடைசி வாங்கிலிருந்து வாசிக்க முடிகிறதா என்று முதல் நாளே மல்டிமீடியா புரொஜெக்டரில் போட்டுப் பாருங்கள். தமிழனை உடைந்த சிங்களம் பேசவைத்துச் சிரிக்கவைக்கும் படத்தை 'சும்மா தமாஷ்' என்று போடவே போடாதீர்கள். முன்வரிசையில் ஒரு பிள்ளை தலைகுனிந்திருக்கும். பிரமுகர் பேச்சு வேண்டவே வேண்டாம். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து, நேரம் போதாவிட்டால் குறும்படம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகள் பேசும் நேரத்தில் கைவைக்காதீர்கள். தோட்டத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் முதலே கேட்டு வையுங்கள்.